எழுபத்திரண்டு என்று எழுதினவள்

1.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன்.

ஒரு துணிக்கடையின் ட்ரையல் ரூம். வரிசையாக நான்கு திரைகள். மூன்றாவது திரைக்குள் நான் ஒரு சட்டையின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நான்காவதற்குள் இரண்டு பெண் குரல்கள்.

"இத எழுதினதே நான்தான்டி."

"எத?"

"இந்த இடுப்ப."

"இடுப்ப யாராவது எழுதுவாங்களாடி?"

"நான் எழுதினேன்."

அவ்வளவுதான். பொத்தானை முடித்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். முகம் தெரியாது. அந்த உடை அவளுக்குப் பொருந்தியதா இல்லையா, அதுவும் தெரியாது. குரல் நடுங்கிற்று என்று எழுத ஆசைதான். ஏசியும் அன்றைக்குக் கொஞ்சம் அதிகம்.

எனக்குக் கதைகள் இப்படித்தான் வந்து சேர்கின்றன. மழையோ மலையோ வராது. யாராவது யாரையாவது அதட்டிக்கொண்டோ கெஞ்சிக்கொண்டோ வருவார்கள். அப்புறம்தான் நான் உட்கார்ந்து அவர்களுக்குக் கை கால் ஒட்டவைக்க வேண்டும், நிற்க ஓர் அறை கொடுக்க வேண்டும். ஆகையால் இனி வருவது அந்தப் பெண்ணின் கதை அல்ல. அவள் குரலைக் கடன் வாங்கி நான் தைத்தது.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

ஃபேஷன் உலகின் பளபளப்புக்குப் பின்னால் எத்தனையோ உழைப்பாளிகளின்

[நிறுத்திவிட்டேன். கல்லூரி ஆண்டு மலரில் இந்த வாக்கியம் ஏற்கெனவே இருக்கும்.]

இரண்டாம் முயற்சி:

ஆடை வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு படிக்கும் அவள், கண்கள் நிறையக் கனவுகளோடு அந்தக் கட்டடத்துக்குள்

[கனவுகளை எடுத்துவிடலாம். அவள் கண்ணில் அன்றைக்கு இருந்தது தூக்கக் கலக்கம். பேருந்தில் நின்றுகொண்டே வந்தவள்.]

மூன்றாவது:

"ஏய் காலேஜ்! டேப் எங்க?"

இது நிற்கிறது. இதிலிருந்தே போவோம்.

3.

அவளுக்கு அங்கே 'காலேஜ்' என்றுதான் பெயர். வருடா வருடம் அந்த ஆடை நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு யாராவது ஒரு காலேஜ் வரும், எட்டு வாரம் இருக்கும், போகும். பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு யாருக்கும் நேரம் இல்லை. போன வருடம் வந்த காலேஜ் எட்டு வாரம்கூட இருக்கவில்லை. ஒரு மாடல் உடையின் குறிப்பை இன்னொரு மாடல் உடையின் தாளில் எழுதிவிட்டது. மூன்றாவது வாரமே கையெழுத்து இல்லாத படிவத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அந்த செமஸ்டரே இல்லை. இந்தச் செய்தியை வந்த முதல் நாளே மூன்று பேர் தனித்தனியாக அவளிடம் சொன்னார்கள், டாய்லெட் எந்தப் பக்கம் என்று சொல்வதற்கு முன்னால்.

"ஏய் காலேஜ்! டேப் எங்கன்னு கேட்டேன்."

கேட்டவர் மாஸ்டர். பேட்டர்ன் மாஸ்டர். காகிதத்தில் அவர் வெட்டிக் கொடுக்கும் வடிவத்தை வைத்துத்தான் ஆயிரக்கணக்கில் உடை வெட்டுவார்கள். காதில் பென்சில், கழுத்தில் கண்ணாடி, வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே திட்டத் தெரிந்தவர்.

"டேப்... கொண்டு வரல மாஸ்டர்."

"சமையல் பண்ண வந்தவ கரண்டி கொண்டு வரலைன்னா பரவால்ல. வீட்டுக்காரங்க குடுப்பாங்க. இங்க யாரு குடுப்பா?"

"நான் குடுக்கறேன், விடுங்க மாஸ்டர். குழந்தைய முதல் நாளே கடிச்சுத் துப்பாதீங்க."

சொன்னது மீடியம் அக்கா. தன் கைப்பையைத் திறந்து, சுருட்டி வைத்த மஞ்சள் டேப் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தா. என்னோடது. நீயே வெச்சுக்க."

மீடியம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதிரிக்குத் தைத்த உடையை முதலில் ஓர் உயிருள்ள உடம்பில் போட்டுப் பார்ப்பார்கள். டம்மி பொம்மை கையைத் தூக்காது, உட்காராது, மூச்சு விடாது. அந்த உயிருள்ள உடம்பு இவள்தான். எட்டு வருடமாக அந்த நிறுவனத்தின் மீடியம் சைஸ் என்பது இவளுடைய உடம்பு. செஸ்ட் எண்பத்தெட்டு, இடுப்பு எழுபத்திரண்டு, சீட் என்கிற பின்புறச் சுற்று தொண்ணூற்றாறு. மாதம் ஒரு முறை அளந்து தாளில் எழுத வேண்டும். ஒரு சென்டி கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போனால் வேறு ஆள்.

இரண்டாவது வாரம் அளக்கும் வேலை காலேஜுக்கு வந்தது. மஞ்சள் டேப்பை இடுப்பில் சுற்றினாள். கை வியர்த்து டேப் வழுக்கியது.

"பயப்படாதடா, எனக்குக் கூச்சம் கிடையாது."

"எழுபத்திரண்டு அக்கா."

"அப்புறம்? வேற என்ன இருக்கும்னு நெனச்ச?"

எழுதினாள்: 72. கீழே கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அலுவலகத் தாளில் அவள் கையெழுத்து. அதை ஃபோனில் படம்கூட எடுத்தாள்.

4.

[இந்த இடத்தில் ஒரு பக்கம் முழுவதும் அந்த அறையை வர்ணித்திருந்தேன். நீராவி இஸ்திரிப் பெட்டியின் பெருமூச்சு, தரையில் நூல் குப்பை, காந்தத்தால் ஊசி பொறுக்கும் பெண். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை, எனக்கே மூச்சு முட்டிற்று. எடுத்துவிட்டேன்.]

மூன்றாவது வாரம். ஒரே நாளில் பதினொரு மாடல் ஃபிட்டிங். டிசைனர் மேடம் ஓடிக்கொண்டே சொல்லுவார், காலேஜ் ஓடிக்கொண்டே எழுதுவாள். மேடத்துக்கு மறுநாள் விமானம்.

மீடியம் அக்கா உடையைப் போட்டுக்கொண்டு பேசுவதைக் கேட்க வேண்டும். துணிக்கே வாய் முளைத்த மாதிரி இருக்கும்.

"அக்குள்ல கடிக்குது மேடம். உக்காந்தா பின்னாடி தூக்குது. இந்தக் காலர் என்னை முறைக்குது."

ஏழாவதாக வந்தது ஒரு நீளமான கவுன். இடுப்பில் ஒட்டிப் பிடிக்கும் வகை.

"இடுப்பு?" என்றார் மேடம்.

அக்கா இடுப்புத் துணிக்குள் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தாள். "பிடிக்குது."

"எவ்வளவு?"

"ரெண்டு சென்டி விட்டா நல்லாருக்கும்."

"எழுதிக்க காலேஜ். இடுப்புல ரெண்டு விடணும். அடுத்தது!"

எழுதினாள். மாஸ்டர் அந்தத் தாளைப் பார்த்து பேட்டர்னைப் பெரிதாக்கினார். நான்காயிரம் கவுனுக்கு உத்தரவு போயிற்று.

எங்கோ இடிக்கிறது என்று வாசகருக்கு இப்போதே தோன்றியிருக்கும். அவளுக்கு மட்டும் இன்னும் இரண்டு வாரம் புரியாது. அந்த இரண்டு வாரமும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை எழுதப் போவதில்லை.

5.

ஐந்தாவது வாரம், வியாழன், காலை ஒன்பது மணி. தரம் பார்க்கும் பிரிவிலிருந்து ஒருவர் இரும்பு ஸ்கேலோடு வந்தார். எல்லாருடைய டேப்பையும் வாங்கி ஸ்கேல் மேல் விரித்துப் பார்ப்பார். பழைய டேப் இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும், நீண்டு போன டேப் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அப்படி இருந்தால் கத்தரியால் இரண்டாக வெட்டிப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதிது கொடுப்பார். வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் சடங்கு.

மஞ்சள் டேப்பை விரித்தார். மறுபடி விரித்தார்.

"இது எந்தக் காலத்து டேப்மா? ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட மூணு சென்டி முழுங்குது. இத வெச்சு எத அளந்த?"

"டம்மிய சார்."

பொய் அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. விக்கல் வருகிற மாதிரி. கத்தரி ஓசை கேட்டது. கையில் புது வெள்ளை டேப் இருந்தது.

அவள் கணக்கில் மோசமில்லை. மீட்டருக்கு மூன்று என்றால் எழுபத்திரண்டுக்கு இரண்டு. எழுபத்திரண்டு எழுபத்திரண்டே இல்லை, எழுபத்து நான்கு. அப்படியானால் கவுன் இடுப்பு சரியாகத்தான் இருந்தது, அக்காவுக்குத்தான் இறுக்கம். அப்படியானால் இரண்டு சென்டி விட்டது தப்பு. அப்படியானால் நான்காயிரம்...

அந்தப் பக்கம் கட்டிங் டேபிளில் அதே கவுனுக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு வெட்டு.

6.

இங்கேதான் எனக்கும் மீடியம் அக்காவுக்கும் தகராறு.

அரை சென்டி வித்தியாசத்தை உடம்பால் சொல்லத் தெரிந்தவள். தன் இடுப்பு இரண்டு சென்டி கூடியது அவளுக்குத் தெரியாதா? தன் டேப் நீண்டது தெரியாதா? தெரிந்தே அந்தச் சின்னப் பெண் கையில் கொடுத்தாளா?

தெரியும் என்று வைத்து ஒரு வரைவு எழுதினேன். அதில் அக்கா, "உன்ன மாதிரி புதுசா வர்ற பொண்ணுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றாள். எழுதி முடித்ததும் அவள் முகம் சீரியல் வில்லி முகமாக மாறிவிட்டது. கிழித்தேன்.

தெரியாது என்று இன்னொன்று எழுதினேன். அதில் அழுதாள். அழுதவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சரி, காரணமாவது தேடுவோம் என்று அவளுக்கு ஒரு நோய் கொடுத்துப் பார்த்தேன். மாத்திரையால் உடம்பு போட்டுவிட்டது. பிறகு வயிற்றில் ஒரு குழந்தை கொடுத்தேன். இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். நோய் கொடுத்தால் உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும். எனக்குத் தெரிய வேண்டியது, காரணமே இல்லாமலும் வருமா என்பது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. உடம்பு தன் பாட்டுக்கு ஒரு முடிவு எடுத்தது. அவ்வளவுதான் நடந்தது.*

* கணவர், பிள்ளைகள், வீட்டு நிலவரம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வேண்டுமானால் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எதை நிரப்பினாலும் இடுப்பு எழுபத்து நான்குதான்.

7.

ஒன்பதே முக்கால். அவள் படிக்கட்டில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். கூப்பிட்டிருக்கக் கூடாது.

"என்னடி வேலை நேரத்துல? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா. அம்மா, ஒரு விஷயம்..."

"இரு இரு, நானே கூப்பிடணும்னு இருந்தேன். சித்திகிட்ட சொல்லிட்டேன், நீ பண்ணின கவுன் கடைக்கு வருதுன்னு."

"நான் பண்ணலம்மா. நான் வெறும் அளவுதான் எழுதினேன்."

"அளவு இல்லாம கவுன் எங்கடி வரும்? சித்தி மூஞ்சிய பாக்கணுமே. அவ பொண்ணு எட்டு மாசமா ஏதோ ஆபீஸ்ல ஜெராக்ஸ் எடுத்துட்டு இருக்கு. ஆமா, சர்டிஃபிகேட் எப்ப குடுப்பாங்க?"

"மூணு வாரம் இருக்கு."

"ஃப்ரேம் போட்டுடலாம். என்ன விஷயம்னு சொன்ன?"

"ஒண்ணும் இல்லம்மா."

"குரல் ஒரு மாதிரி இருக்கு."

"படிக்கட்டுல நிக்கறேன். எதிரொலி."

[அம்மா புரிந்துகொண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்வதாக இதை முடிக்கலாம் என்று கை பரபரத்தது. புரிந்துகொள்ள அந்த அம்மாவுக்கு நான் நேரம் கொடுக்கவில்லை. அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிட்டாள்.]

8.

பத்தேகால். ஃபிட்டிங் அறை. மீடியம் அக்கா அடுத்த மாடலுக்காகக் காத்திருந்தாள். மேலே குத்திய ஊசிகளோடு பாதி தைத்த ஒரு கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது, சாய முடியாது.

"அக்கா, ஒரு தடவை அளந்துக்கட்டுமா?"

"இன்னும் மாசம் முடியலையே."

"புது டேப் குடுத்திருக்காங்க. சும்மா... பழகிக்கறதுக்கு."

அக்கா வெள்ளை டேப்பைப் பார்த்தாள். கைகளை மெதுவாகத் தூக்கினாள்.

"மூச்ச உள்ள இழுக்கணுமா, சும்மா நிக்கணுமா?"

"போன தடவை எப்படி நின்னீங்க?"

"நீ எப்படி நிக்கச் சொன்னியோ அப்படி."

"நான் எதுவும் சொல்லலையேக்கா."

"அப்ப சும்மாதான் நின்னிருப்பேன்."

டேப் சுற்றி வந்தது. எழுபத்து நான்கு. ஒரு கோடுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலேஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், பார்த்துக்கொண்டே இருந்தால் குறைந்துவிடும் போல.

"மஞ்ச டேப் என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"வெட்டிட்டாங்க."

"ஓ."

இந்த 'ஓ'வை நான் முப்பது தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பேன். தெரிந்தவளின் 'ஓ'வாகவும் சொல்லலாம். ஒரு பழைய பொருள் போனதற்கான 'ஓ'வாகவும் சொல்லலாம். காலேஜும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

"அக்கா, உங்களுக்கு... அந்த டேப்..."

"என்னடா?"

"எத்தனை வருஷமா இருந்துச்சு?"

"நான் இங்க வந்தப்ப வாங்கினது. ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா சும்மாங்கற, மூஞ்சி வெளிறிப்போயிருக்கு. தண்ணி குடி. அந்தக் கவுன் இன்னிக்குத்தான வெட்டு? நல்ல கவுன்டா அது. போட்டா கழட்டவே மனசு வராது."

மறுபடி கேட்கச் சொன்னேன் காலேஜை. நேராகக் கேள், தெரியுமா தெரியாதா என்று கேள், எனக்கும் தெரிய வேண்டும் என்றேன். அவள் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

9.

பத்தரைக்குப் பிறகு அவளுக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவளுக்கு நிதானம் இல்லை.

பேசாமல் இருக்கலாம். நான்காயிரம் கவுனும் இடுப்பில் தொளதொளக்கும். அது கடைக்குப் போய், வாங்கினவர்கள் திருப்பிக் கொடுத்து, புகார் வர மாதங்கள் ஆகும். அதற்குள் இவள் சர்டிஃபிகேட் ஃப்ரேமில் இருக்கும். ஆனால் புகார் வந்த அன்றைக்கு யாராவது எழுபத்திரண்டு என்று எழுதின அந்தத் தாளை எடுப்பார்கள். அதில் கையெழுத்து இருக்கிறது.

உண்மையைச் சொல்லலாம். அக்கா டேப் தப்பு, அக்கா இடுப்பு எழுபத்து நான்கு, இரண்டு சென்டி விட வேண்டியதில்லை. கவுன் தப்பிக்கும். அக்கா அன்றைக்கே வெளியே. காலேஜுக்கு ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால், 'கண்ணு இருக்கு பொண்ணுக்கு' என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொல்வார். உண்மையைச் சொன்னால் பாராட்டு கிடைக்கும். அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மூன்றாவது, ஒரு பொய். பதினொரு மாடல் பார்த்த அன்றைக்கு வேறு ஏதோ ஒரு பேண்ட்டின் குறிப்பைத் தவறிப்போய் கவுன் தாளில் எழுதிவிட்டேன் என்று சொல்லலாம். மேடம் ஊரில் இல்லை, அக்காவைத் தவிர மறுத்துப் பேச ஆளில்லை. கவுன் தப்பிக்கும். அக்கா தப்பிப்பாள், அடுத்த மாத அளவு வரைக்குமாவது. போன வருடத்துக் காலேஜ் செய்த அதே தப்பை இந்த வருடத்துக் காலேஜும் செய்துவிட்டது என்றுதான் மாஸ்டர் நினைப்பார். கையெழுத்து இல்லாத படிவத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். சித்திக்கு விஷயம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

[நான்காவது வழி ஒன்றும் எழுதிப் பார்த்தேன். மாஸ்டருக்கு எல்லாம் முன்பே தெரியும், பேட்டர்னை அவர் மாற்றவே இல்லை, சிரித்துக்கொண்டே ஊசியை வாயிலிருந்து எடுக்கிறார். படித்ததும் நிம்மதியாக இருந்தது. எழுதின எனக்கே இவ்வளவு சுலபமாக நிம்மதி வந்தால் அதில் ஏதோ கோளாறு என்று எடுத்துவிட்டேன்.]

10.

பத்து ஐம்பத்தாறு. கட்டிங் டேபிள். ஓர் ஆள் படுத்துப் புரளும் நீளத்துக்குப் பத்து மடங்கு. அதன் மேல் துணி அடுக்கு அடுக்காக, மேலே வடிவம் வரைந்த காகிதம். வெட்டுகிறவர் இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டார். விரல் ஒவ்வொன்றாக நுழைத்தார். காலேஜ் அதை எண்ணினாள். ஐந்து.

"ஆரம்பிக்கலாமா மாஸ்டர்?"

"போடு."

மெஷின் உறுமியது. துணியின் விளிம்பைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது.

அவள் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையாகச் சொல்கிறேன். பேசாமல் நிற்பதாகத்தான் எழுதி வைத்திருந்தேன். தொண்டை அடைக்க, உள்ளங்கை வியர்க்க, கத்தி துணியில் இறங்குவதாக ஒரு முழுப் பத்தி தயார். அப்போது குரல் கேட்டது.

"மாஸ்டர், வெட்டாதீங்க!"

இவ்வளவு சத்தமாக அவள் அந்தக் கட்டடத்தில் பேசியதே இல்லை. மெஷின் நின்றது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பினார். சத்தம் கேட்டு ஃபிட்டிங் அறையிலிருந்து மீடியம் அக்கா வாசலுக்கு வந்து நின்றாள், பாதிக் கோட்டோடு, உடம்பெல்லாம் ஊசியோடு, கைகளைச் சற்றே விலக்கி வைத்துக்கொண்டு.

மாஸ்டர் வாயிலிருந்த இரண்டு குண்டூசியையும் எடுத்துச் சட்டையில் குத்தினார். யாரும் பார்த்திராத காட்சி.

"என்ன சொன்ன?"

"கவுன... வெட்டாதீங்க மாஸ்டர். இடுப்பு தப்பு. ரெண்டு சென்டி விட்டது தப்பு."

"தப்பா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏன் தப்பு?"

அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்கு நாளாக. இத்தனை வருடத்தில் ஒரு பாத்திரமும் இப்படி என்னை நடுவில் விட்டதில்லை. 'அக்கா டேப்புல' என்று எழுதிப் பார்த்தேன், அது அவள் குரல் மாதிரி இல்லை. 'நான்தான் தாள மாத்தி' என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் இல்லை. இரண்டும் என் குரல்.

"காலேஜ், உன்னத்தான். ஏன்னு கேட்டேன்."

இனி அவளை நம்பிப் பயனில்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள், மெஷின் நின்றபடி இருக்கிறது, எல்லாரும் காத்திருக்கிறார்கள். எதைச் சொல்வதானாலும் மாஸ்டரைப் பார்த்துச் சொல்லாதீர்கள். வாசல் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள். அங்கே அக்கா உட்காரக்கூட முடியாமல் நிற்கிறாள்.